மரக்கால் அளந்த பிள்ளைகள்

(கூட்டமைப்பின் ஆண்டுக் கூட்டத்தில், கல்விக் குழு உறுப்பினர்கள் சார்பாகப் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் திருப்பம் எல்லாம் காலையிலேயே பேசி முடித்தாகிவிட்டது. சாப்பாடு முடிந்து கண் சொருகும் நேரத்தில் எங்களைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பரவாயில்லை. நாங்கள் பேசப் போவது உரல், உலக்கை, மரக்கால் பற்றி. அதெல்லாம் இப்ப எதுக்கு என்று கேட்பவர்களும் இங்கே இருக்கிறார்கள், எங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக நாங்கள் நடத்திய "தொட்டுப் பார்" நாளுக்குக் கூட்டமைப்புப் பணம் செலவாகியிருக்கிறது. அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டியது எங்கள் கடமை. அதில் ஒரு சண்டையும் வந்தது. அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வந்திருக்கிறோம்.

இது எப்படி ஆரம்பித்தது என்றால், நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலா போனபோது துணைக்கு நாங்கள் ஆறு பேர் போனோம். சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா என்று ஒரு இடம் இருக்கிறது. சென்னைக் கைவினை அறக்கட்டளை நடத்துவது. 1996 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் பொருளை வைத்துப் பூட்டிக் காட்டுவதில்லை. வீட்டையே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திரா என்று நான்கு பக்கத்து வீடுகள். இடிக்கப்போகிற பழைய வீட்டை விலைக்கு வாங்கி, தூண், உத்தரம், கதவு என்று ஒவ்வொன்றாகப் பிரித்து ஏற்றிவந்து, அந்த வேலை தெரிந்த கொத்தனார், ஆசாரிகளை வைத்தே திரும்பக் கட்டியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடு இருக்கிறது, காஞ்சிபுரம் நெசவாளர் வீடு இருக்கிறது, குயவர் வீடு இருக்கிறது. நம்ம தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயி வீடும் இருக்கிறது!

இந்த மாதிரித் திறந்தவெளி அருங்காட்சியகங்களில் மிகப் பழையவற்றில் ஒன்று சுவீடன் நாட்டில் இருக்கிறது. ஸ்டாக்ஹோம் நகரத்தில் ஆர்தர் ஹசேலியஸ் என்பவர் 1891-ல் ஸ்கான்சென் என்று ஆரம்பித்தார். தொழிற்சாலைகள் வந்து கிராமத்து வாழ்க்கை மாறிப்போகிறதே என்று நாடு முழுவதிலிருந்தும் பழைய வீடுகளைக் கொண்டுவந்து சேர்த்தார். ராஜா வீட்டு நகையை விட்டுவிட்டு, குடியானவன் வீட்டு அடுப்பைக் காட்டலாம் என்று ஒருவருக்குத் தோன்றியது பெரிய விஷயம்தான்.

தட்சிணசித்ராவில் எங்கள் பிள்ளைகள் குயவர் சக்கரத்தில் கையை வைத்தார்கள். களிமண் கை நழுவிப் போய் ஒருத்தன் சட்டையெல்லாம் மண். ஓலையில் கிளி செய்தார்கள். ஆறாம் வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன், பானை வனைகிறவரிடம் விடாமல் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தான். கூட வந்த வாத்தியாருக்கே ஆச்சரியம். நாமும் பிள்ளைகளைத் தஞ்சாவூர் அரண்மனைக்குக் கூட்டிப்போகிறோம். கலைக்கூடத்துச் சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளைப் பார்க்கிறார்கள், சரசுவதி மகாலில் ஓலைச்சுவடியைப் பார்க்கிறார்கள். தொடாதே, சாயாதே, பேசாதே என்று சொல்லியே நம் தொண்டை காய்ந்துவிடும். அங்கே தொடக்கூடாது என்பதில் நியாயம் இருக்கிறது. கை வியர்வையில் உள்ள உப்பு செம்பை அரிக்கும். ஆனால் உரலைத் தொட்டால் உரலுக்கு என்ன ஆகும், சொல்லுங்கள்?

சரி, விஷயத்துக்கு வருகிறோம். தஞ்சாவூர் வீட்டுக்குள் போனதும் பிள்ளைகள் "எங்க ஊர் பெரிய வீடு மாதிரியே இருக்கு" என்று ஓடி ஆடினார்கள். அப்போது ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி எங்களிடம் வந்து மெதுவாகக் கேட்டாள். "அத்தை, இந்த மாதிரி வீட்டுக்கு நெல்லு குத்துனவங்க எல்லாம் எங்க படுத்துக்குவாங்க?"

எங்கள் ஆறு பேருக்கும் அதற்குப் பதில் தெரியும். ஒருத்தரும் சொல்லவில்லை. எங்களில் ஒருவர் சின்ன வயதில் அம்மாவோடு அப்படி ஒரு வீட்டுக் கொல்லைப்புறத்தில் நெல் புழுக்கியவர். முன்வாசல் பக்கம் போனதே இல்லை. கொல்லை வழியாக வந்து, வேலை முடிந்து, வாய்க்கால் தாண்டிப் போய்விட வேண்டும். பஸ்ஸில் திரும்பி வரும்போது விழுப்புரம் தாண்டின பிறகுதான் அவர் அந்தப் பெண்ணைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்து இதைச் சொன்னார். அந்தப் பெண் பதில் பேசவில்லை. தூங்கிவிட்டாள் என்று நினைத்தோம். தூங்கவில்லை.

ஊருக்கு வந்ததும் முடிவு செய்தோம். வருஷா வருஷம் முந்நூறு கிலோமீட்டர் பஸ் வைத்துப் போக நம்மால் ஆகாது. நம் வீடுகளில் இருக்கிற பொருள்களை வைத்து நாமே நடத்துவோம் என்று.

பொருள் தேடுவதுதான் பெரும்பாடு. பத்தாயம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பழைய மரச்சாமான் வாங்குகிறவர்கள் எப்போதோ வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு உரல் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிற தொட்டியாக இருந்தது. ஒரு ஆட்டுக்கல் கொல்லைப்படிக்கு முட்டுக் கொடுத்துக் கிடந்தது. திருகைக்கு மேல்கல் ஒரு வீட்டில், அடிக்கல் இன்னொரு வீட்டில், அண்ணன் தம்பி பாகப்பிரிவினையாம். இப்படியே அலைந்து முப்பத்தெட்டு பொருள் சேர்த்தோம். இறைகூடை, கருக்கரிவாள், நுகத்தடி, தவலை, முறம், படி, உழக்கு. எல்லாவற்றுக்கும் பதிவேடு போட்டு, யார் கொடுத்தது, திரும்ப வேண்டுமா வேண்டாமா என்று எழுதிக் கையெழுத்து வாங்கினோம். நம் குழுப் பழக்கம் இதற்கும் உதவியது.

மரக்கால் மட்டும் ஒரே ஒரு வீட்டில்தான் கிடைத்தது. காலனியில் தனியாக இருக்கிற ஒரு அப்பாயி வீட்டில். எண்பது வயதுக்கு மேல் இருக்கும். இரும்புப் பட்டை போட்ட மர மரக்கால். பண்ணையாளாக இருந்த குடும்பத்தில் மரக்கால் எப்படி வந்தது என்று கேட்டோம். "அது ஒரு கதை, அப்புறம் சொல்றேன்" என்றார்.

இப்போது சண்டைக்கு வருகிறோம். பழைய வாழ்க்கையைக் காட்டுகிறோம் என்றால் எதுவரைக்கும் சொல்வது? ஏற்பாட்டுக் கூட்டத்தில் ஒரு உறுப்பினர் எழுந்தார். நிலம் வைத்திருந்த குடும்பம். "உரல் காட்டுங்க, உலக்கை காட்டுங்க, கோலம் போடச் சொல்லுங்க. ஆண்டான் அடிமை கதையெல்லாம் பிள்ளைங்ககிட்ட எதுக்கு? நாளைக்கு வகுப்புல ஒருத்தனை ஒருத்தன் மொறைச்சுக்குவான்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஒரே குழுவில் இரண்டு தெருப் பெண்களும் ஒன்றாக உட்கார்ந்து பத்து வருஷம் சேமித்திருக்கிறோம், அது கெட்டுவிடக் கூடாதே என்ற பயம் அவருக்கு.

எங்களைத் தூக்கி வாரிப்போட்டது அதற்கு அடுத்துப் பேசியவர். அவர் கூலி வேலை செய்த குடும்பம். அவரும் வேண்டாம் என்றார். "எங்க தாத்தாவுக்குச் சாணிப்பால் குடுத்தாங்க, சவுக்கால அடிச்சாங்கன்னு என் பேத்திகிட்ட நான் இதுவரைக்கும் சொன்னதில்ல. அவ நாலு பேருக்கு நடுவுல தலை குனிஞ்சி நிக்கக் கூடாது" என்றார். கூட்டத்தில் அப்புறம் சத்தமே இல்லை.

இந்த இரண்டு பேச்சும் எங்களுக்கு இன்றைக்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஒருத்தருக்குக் குற்றம், இன்னொருத்தருக்கு வெட்கம். வெட்கப்பட வேண்டியவர் அடி வாங்கினவர் இல்லை என்று நாங்கள் சொல்லிவிடலாம். சொல்வது சுலபம். 1940-களில் இந்தத் தஞ்சை ஜில்லாவில் பண்ணையாட்கள் சங்கம் சேர்ந்து கேட்டது என்ன? சவுக்கடி கூடாது, சாணிப்பால் கூடாது, முத்திரை போட்ட சரியான மரக்காலில் கூலி அளக்க வேண்டும். பி. சீனிவாசராவ் போன்றவர்கள் ஊர் ஊராக வந்து சங்கம் கட்டினார்கள். 1952-ல் தஞ்சாவூர்ச் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் 1968 டிசம்பர் 25 இராத்திரி கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசையோடு எரிந்து போனார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலி நெல் கூடக் கேட்ட தகராறு. நம்மில் எத்தனையோ பேர் நாகப்பட்டினம் பக்கம் போகும்போது அந்த ஊரைத் தாண்டித்தான் போகிறோம்.

கடைசியில் ஒரு சமாதானம் செய்துகொண்டோம். எந்தக் குடும்பத்தின் பெயரும் வராது. கீழ்வெண்மணி பற்றி ஒன்பதாம் வகுப்புக்கு மேல் உள்ள பிள்ளைகளிடம் ஆசிரியர் பேசுவார். சின்னப் பிள்ளைகளுக்கு நாம் எதையும் வாயால் சொல்ல மாட்டோம், பொருளை மட்டும் கையில் கொடுப்போம்.

அந்த நாள் வந்தது. அறுபது பிள்ளைகள். முதல் அரை மணி நேரம் சந்தை மாதிரி ஆகிவிட்டது, எங்கள் தப்புதான். உலக்கையை எல்லாரும் ஒரே நேரத்தில் பிடிக்கப் போய் ஒரு பையனுக்குக் கால் விரல் நசுங்கியது. பெரிய காயம் இல்லை, ஆனாலும் அவன் அம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதற்குப் பிறகு பத்துப் பத்துப் பேராகப் பிரித்தோம். உலக்கை ஏழாம் வகுப்புக்கு மேல் மட்டும். மற்ற ஊரில் நடத்துகிறவர்கள் முதலிலேயே இப்படிச் செய்யுங்கள்.

குத்துவதற்குப் பச்சை நெல்லைக் கொடுத்தோம், புழுக்காதது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். பிள்ளைகளுக்கு அந்தத் தாளம் வரவே இல்லை, உலக்கையும் உலக்கையும் மோதிக்கொண்டது. "இது பொம்பளைங்க வேலை" என்று ஒரு பையன் நகர்ந்தான். பத்துத் தடவை போடு, அப்புறம் போ என்றோம். ஆறாவதில் கை விட்டுவிட்டான். ஒரு படி நெல்லைக் குத்தி, புடைத்து, தீட்டி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அளந்து பார்த்தால் அரைப்படிகூட வரவில்லை. அதிலும் நொய் பாதி.

இங்கே ஒரு சுவையான விஷயம். சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் அரிசிக்கு நெல் கணக்கிடும்போது ஐந்து பங்கு நெல்லுக்கு இரண்டு பங்கு அரிசி என்று வைத்திருக்கிறார்கள். நம் பிள்ளைகள் கைக்கு வந்த கணக்கும் கிட்டத்தட்ட அதுதான். ஆயிரம் வருஷத்துக் கணக்கு உள்ளங்கையில் சரியாக வந்து நிற்கிறது பாருங்கள். கணக்கு டீச்சருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அவரே இன்னொன்றும் செய்தார். பெரிய கோயில் மதிலில், இராஜராஜன் கோயிலுக்குக் கொண்டுவந்து குடிவைத்த 400 தளிச்சேரிப் பெண்களின் பெயர்கள் வெட்டியிருக்கிறது. பல பெயர்கள் "நக்கன்" என்று தொடங்கும். எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பது வரைக்கும் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் வருஷத்துக்கு 100 கலம் நெல். நம் வாய்ப்பாட்டில் 8 நாழி ஒரு குறுணி, அதுதான் மரக்கால். 12 மரக்கால் ஒரு கலம். அப்படியானால் 100 கலம் 1200 மரக்கால், நாளுக்கு மூணேகால் மரக்கால் சொச்சம். அப்போது அளந்தது ஆடவல்லான் என்று பெயர் வைத்த மரக்கால். நம் வீட்டு மரக்காலும் அதுவும் ஒரே அளவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இருந்தாலும் மூணேகால் மரக்கால் நெல்லைத் தரையில் குவித்துக் காட்டினதும் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். "அவங்களே குத்துவாங்களா டீச்சர்?" என்று கேட்டது அந்த ஏழாம் வகுப்புப் பெண். ஆடினவர்கள் பெயர் கல்லில் இருக்கிறது. அவர்களுக்கு நெல் குத்தினவர் யார் என்று தேடினால் எங்கே போய்த் தேடுவது?

கீழடியில் கொஞ்சம் தேடலாம் என்று டீச்சர் சொன்னார். அங்கே தோண்டி எடுத்ததை வைத்து 2023 மார்ச் மாதம் அருங்காட்சியகம் திறந்தார்கள். நூல் நூற்கிற தக்களி, விளையாட்டுக் காய், பகடை, பெயர் கீறின பானை ஓடு என்று எல்லாமே சாதாரண ஜனங்கள் கையில் புழங்கினது. அடுத்த தடவை பஸ் வைத்தால் அங்கே போகலாம் என்பது எங்கள் எண்ணம்.

மத்தியானத்துக்கு மேல் மரக்கால். அப்பாயி காலையிலிருந்து ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் ஒரு குவியல் நெல்லை வைத்து, எத்தனை மரக்கால் என்று அளக்கச் சொன்னோம். முதல் அணி அளந்தது, பதினொன்று. இரண்டாவது அணி அதே குவியலை அளந்தது, பத்து. நீ தப்பு, நான் தப்பு என்று பிள்ளைகளுக்குள் ஒரே தகராறு. திரும்ப அளந்தார்கள். அதே பதினொன்று, அதே பத்து.

அப்பாயி எழுந்து வந்தார். முதல் அணிப் பையனிடம் மரக்காலைக் கொடுத்து அளக்கச் சொன்னார். அவன் மேலாக நின்று மெதுவாகப் பொலபொலவென்று விட்டு, தலை வழித்தான். இரண்டாவது அணிப் பிள்ளை நெல்லை அள்ளிப் போட்டு, மரக்காலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டி, இறங்கினதும் மேலே இன்னும் போட்டது. "பாத்தியா" என்றார் அப்பாயி. "உனக்குக் கூலி குடுக்கணும்னா இவன் அளந்த மாதிரி அளப்பாங்க. உங்கிட்ட வாங்கணும்னா இவ அளந்த மாதிரி அளப்பாங்க. உள்ளார கட்டைவிரலையும் வுட்டுக்குவாங்க. பத்து மரக்கால் வேலை செஞ்சா ஒரு மரக்கால் காத்துல போயிரும்."

நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லக் கூடாது என்றுதான் முடிவு செய்திருந்தோம். அவரே சொன்னார். பிறகு அந்த மரக்கால் கதையையும் சொன்னார். அவர் வீட்டுக்காரர் சங்கத்தில் இருந்தவர். முத்திரை போட்ட மரக்கால் ஒன்றைக் காசு சேர்த்து வாங்கி, கூலி அளக்கிற களத்துக்கு எடுத்துக்கொண்டு போவாராம். "என் மரக்கால்ல அளங்க" என்பாராம். அதற்கு இரண்டு தடவை அடி வாங்கியிருக்கிறார். மூன்றாவது வருஷம் அந்த மரக்காலில்தான் அளந்தார்கள்.

பிள்ளைகள் யாரும் யாரையும் முறைக்கவில்லை. அளப்பதற்குத்தான் அடித்துக்கொண்டார்கள். எப்படித் தட்டினால் எவ்வளவு குறையும் என்று ஒவ்வொருத்தரும் செய்து பார்த்தார்கள். ரேஷன் கடையிலும் இப்படித்தானா அத்தை என்று ஒரு பொடியன் கேட்டான், நாங்கள் சிரித்துவிட்டோம்.

அப்பாயி இன்னொன்றும் சொன்னார், அதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். உரல் இருந்த காலம் நல்ல காலம், கைக்குத்தல் அரிசி சாப்பிட்டோம், ஆரோக்கியமாக இருந்தோம் என்று நாங்கள் பிள்ளைகளிடம் கொஞ்சம் அளந்து விட்டோம். அப்பாயி விடவில்லை. "யாரு சாப்புட்டா? குத்துனது நாங்க. எங்களுக்குத் தவிடும் நொய்யும். ரைஸ்மில்லு வந்தப்ப இடுப்பு தப்பிச்சுதுன்னு கும்புட்டேன். அப்புறம் குத்துக்கூலி போச்சேன்னு அழுதேன்" என்றார். இரண்டும் உண்மை. இரண்டையும் பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறோம்.

முதலில் எதிர்த்துப் பேசிய அந்த உறுப்பினர் அன்றைக்கு வந்திருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. சாயந்திரம் பாத்திரம் கழுவி எடுத்து வைக்கிற வரைக்கும் கூட இருந்தார். ஒரு வாரம் கழித்து அவர் வீட்டிலிருந்து ஒரு பெரிய நோட்டு வந்தது. அவர் மாமனார் காலத்துப் பண்ணைக் கணக்கு. யாருக்கு எத்தனை மரக்கால் கூலி என்று நாள்வாரியாக எழுதினது. பிள்ளைகள் பார்க்கலாம், பெயர்களை மட்டும் மறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார். அதில் தன் தாத்தா பெயர் இருக்கும், அதை மறைக்க வேண்டாம் என்று இப்போது இன்னொரு உறுப்பினர் கேட்கிறார். சாணிப்பால் கதை சொன்னாரே, அவர்தான். இதை எங்கள் ஆறு பேரால் முடிவு செய்ய முடியவில்லை. அதனால்தான் இந்தக் கூட்டத்தில் வைக்கிறோம். கருத்துச் சொல்லுங்கள்.

செலவுக் கணக்கு துண்டுத்தாளில் தனியாகக் கொடுத்திருக்கிறோம். நெல், பிள்ளைகளுக்குச் சாப்பாடு, உரல் ஏற்றி இறக்கின வண்டிக் கூலி, அவ்வளவுதான். விதைநெல் பற்றியும் பிள்ளைகள் கேட்டார்கள். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் அவர்கள் 2006 முதல் நெல் திருவிழா நடத்தி, இரண்டு கிலோ பாரம்பரிய விதை கொடுத்து மறு வருஷம் நான்கு கிலோவாகத் திரும்ப வாங்கினார். 2018-ல் அவர் காலமாகிவிட்டார். அவர் பரப்பின மாப்பிள்ளைச் சம்பா நம் உறுப்பினர்கள் சிலரிடமே இருக்கிறது. அதில் ஒரு மூட்டை வரும் வருஷத்துக்கு வேண்டும்.

சம்பா அறுப்பு முடிந்து மாசியில் அடுத்த நாள் வைக்கலாம் என்று பேசியிருக்கிறோம். அப்பாயிக்கு மரக்காலைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தோம். வாங்க மாட்டேன் என்றுவிட்டார். "எங்கிட்ட இருந்தா நாளைக்கி எவனாவது அடுப்புக்கு ஒடைச்சிப் போட்டுருவான்" என்றார். இப்போது அது கூட்டமைப்பு அலுவலக அலமாரியில், ரசீதுப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. போகும்போது பார்த்துவிட்டுப் போங்கள். தொடலாம்.

அப்புறம், முறம் ஆறு வேண்டும். புது முறம் வேண்டாம். சாணி மெழுகிப் புழங்கின பழைய முறமாக இருந்தால்தான் புடைக்க வாகாக இருக்கிறது. யார் வீட்டில் இருக்கிறதோ, இன்றைக்கே பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.